டாக்டர் வந்துகொண்டிருக்கிறார்

நியூஜெர்சியிலிருந்து நாங்கள் திரும்பி வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. பெண் அனன்யாவின் பிரசவத்துக்காகப் போய், ஆறு மாதம் பத்தியச் சமையலும் குழந்தைக்கு எண்ணெய்க் குளியலுமாகக் கழித்துவிட்டு, மயிலாப்பூர் வீட்டில் ஜன்னல்களைத் திறந்தபோது, "அப்பாடா, நம்மூர்க் காத்து" என்றாள் என் மனைவி ஜானு. அந்தக் காற்றில் மெட்ரோ ரயிலுக்காகத் தோண்டுகிற புழுதிதான் இருந்தது. அதைச் சொன்னால் சண்டைக்கு வருவாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

என் பெயர் பரத்வாஜ். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ரகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை.

நாளைக்கு என்ன குழம்பு என்பதை ராத்திரியே முடிவு செய்துவிடுகிறோம். நெஞ்சு வலித்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. எங்கள் வீட்டில் பேசவேண்டிய அவசியமே இல்லை என்று நான் நினைத்திருந்தேன். எங்களுக்கு டாக்டர் வேதாந்தம் இருந்தார். மூன்று தெரு தள்ளி, ஒரு பழைய பங்களாவில், பத்துப் படுக்கைகளோடு அவருடைய நர்சிங் ஹோம். அனன்யா பிறந்தது அங்கே. எனக்குக் குடல்வால் எடுத்தது அங்கே. அவருக்குக் கைராசி. அவர் தொட்டாலே பாதி ஜுரம் இறங்கிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். வேதியியல் வாத்தியாரான நானும் அதைச் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன்.

அந்த ஆறு மாதத்தில் இங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டிருக்கலாம். லாரித் தண்ணீர் விஷயமாக நடந்த ஒரு சண்டையில் ரோஷப்பட்டு, அடுக்குமாடிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஊருக்குப் போகுமுன்பே வெளியே வந்துவிட்டிருந்தேன்.

அன்றைக்குக் கார்த்திகை மாத மழை. காலையிலிருந்து விடாமல் கொட்டி, மத்தியானம் இரண்டு மணிக்குத் தெருவில் கரண்ட் போயிற்று. பட்டப்பகலில் வீடு இருட்டிக்கிடந்தது. ஜானு பாத்திரங்களைத் தேய்க்க ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தவள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் வேலையைப் பாதியில் விட்டு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஏன்னா, என்னமோ பண்றது" என்றாள். "தாடையெல்லாம் இழுக்கறது."

இரண்டு நாற்பது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன் என்பதால் தெரியும்.

வாயு என்று தீர்ப்புச் சொன்னேன். காலையில் சாப்பிட்ட உருளைக்கிழங்கின் மேல் பழியைப் போட்டேன். மோரில் பெருங்காயத்தைக் கரைத்துக் கொடுத்தேன். முதுகை நீவிவிட்டேன். பத்து நிமிஷம் கழித்து ஓமத்தண்ணீர் கொடுத்தேன். அவள் எல்லாவற்றையும் சமர்த்தாகக் குடித்தாள். நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. மழைக்காற்று சில்லென்று வீசிக்கொண்டிருந்த வீட்டில் அவளுக்கு மட்டும் வியர்த்தபோதுதான் எழுந்து செருப்பை மாட்டினேன். அதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது.

தெருமுனை ஸ்டாண்டில் உபைத் இருந்தான். ராயப்பேட்டைக்காரன், பத்து வருஷமாக எங்களுக்குப் பழக்கம். ஜானுவின் முகத்தைப் பார்த்ததுமே, எங்கே என்று கேட்காமல் ஆட்டோவைக் கிளப்பினான். வேதாந்தம் நர்சிங் ஹோம் என்றேன்.

அவன் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான்.

"சார், அத்த மூடி அஞ்சு மாசம் ஆவுது. தேனாம்பேட்டைக்கு வுட்றேன் சார். ஹார்ட்டுக்கு அங்கதான் எல்லாம் கீது. சுத்திக்கினு போனாலும் இருபது நிமிஷம்."

தேனாம்பேட்டைப் பெரிய ஆஸ்பத்திரி எனக்கும் தெரியும். உள்ளே போனால் நம்மை மனுஷர்களாகப் பார்க்கமாட்டார்கள், பெயருக்குப் பதில் ஒரு நம்பர், ஆயிரத்தெட்டு டெஸ்ட் என்றெல்லாம் எனக்கு ஒரு எண்ணம். வழியில்தானே, ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். உபைத் ஏதோ முணுமுணுத்தான். ஆனால் திரும்பினான். நான் வயதில் பெரியவன், வாத்தியார். என் பேச்சை அவன் தட்டியதில்லை. தட்டியிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் அவன்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அநியாயமான கோபம்தான்.

தெரு முழுக்க இருட்டு. எந்த வீட்டிலும் விளக்கு இல்லை. நர்சிங் ஹோம் வாசலில் மட்டும் குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"மூடிட்டாங்கன்னியே, பார்" என்றேன். எனக்கு உள்ளூர ஒரு வெற்றி. உபைத் மழைக்குக் கட்டியிருந்த தார்ப்பாயை விலக்கிப் பார்ப்பதற்குள் பின்னால் ஒரு பள்ளிக்கூட வேன் ஹாரன் அடித்துக் கழுத்தை அறுத்தது. எங்களை இறக்கிவிட்டுவிட்டு, வண்டியை முனையில் போட்டுவிட்டு வருவதாகச் சொல்லி நகர்ந்தான். நான் ஜானுவை அணைத்துக்கொண்டு கேட்டைத் தள்ளினேன். சத்தமில்லாமல் திறந்துகொண்டது.

உள்ளே ஸ்பிரிட் வாசனை, ஃபினாயில் வாசனை. அவற்றுக்குக் கீழே, பல நாள் வாடிய பூவின் வாசனை. கூடத்தில் பெஞ்சுகள் நிறைய ஆட்கள். மடியில் ஃபைலையும் எக்ஸ்ரே கவரையும் வைத்துக்கொண்டு, யாரும் யாருடனும் பேசாமல் வாசலைப் பார்த்தபடி இருந்தார்கள். இத்தனை கூட்டம் இருக்கிற இடத்தையா மூடிவிட்டார்கள் என்று உபைத்தை மனதுக்குள் கேலி செய்தேன்.

மேஜைக்குப் பின்னாலிருந்து ஷகீலா சிஸ்டர் எழுந்து வந்தார். அனன்யா பிறந்தவுடன் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தது அவர்தான். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்பு பார்த்த அதே வெள்ளைத் தொப்பி, அதே மூக்குத்தி, அதே முகம். அதில் தப்பாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை. அப்போது எனக்கு வேண்டியிருந்தது தெரிந்த முகம். பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது.

ஜானுவின் பெயரைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பெஞ்சைக் காட்டினார்.

"உக்காருங்க சார். டாக்டர் வந்துகிட்டே இருக்கார்."

உட்கார்ந்தோம். பெஞ்சு ஜில்லிட்டிருந்தது. பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், ஆபீஸ் பையைத் தோளில் மாட்டியபடியே இருந்தார். அவர் தோளில் ஒரு கிழவி சாய்ந்திருந்தாள். தன் பெயர் ஸ்ரீரங்கன் என்றார், அம்மாவுக்கு மூச்சுத்திணறல் என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொன்னார்களாம். ஆனால் அம்மாவுக்கு வேதாந்தம் தொட்டால்தான் சரியாகுமாம்.

"கைராசி" என்றார்.

"ஆமாம், கைராசி" என்றேன் நானும். இருவரும் தலையை ஆட்டிக்கொண்டோம்.

வெளியே ஒரு கார் ஹாரன் கேட்டது.

கூடத்தில் இருந்த எல்லோரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். முடியாதவர்களைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தினார்கள். எல்லா முகமும் வாசல் பக்கம். ஹாரன் தெருவைக் கடந்து தேய்ந்தது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். உட்காரும்போது ஒரு சத்தமும் இல்லை.

"டாக்டர் லஸ் முனை திரும்பிட்டார்" என்றார் ஷகீலா சிஸ்டர், எல்லோருக்கும் பொதுவாக.

ஜானு என் கையைப் பிடித்திருந்தாள். அவள் விரல்கள் நனைந்த துணி மாதிரி இருந்தன. என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஏன்னா, அந்த மாமி மூச்சே விடலை."

திரும்பிப் பார்த்தேன். ஸ்ரீரங்கனின் தோளில் கிழவி வாயைத் திறந்தபடி இருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். புடவை மடிப்பு அசையவில்லை. ஸ்ரீரங்கன் அவள் கையைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"தூங்கறா. டாக்டர் வரச்சே எழுந்துண்டுடுவா."

எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். இப்போதுதான், மத்தியானம், என்றார். அவர் செருப்பைச் சுற்றித் தரையில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி படிந்திருந்தது. அவர் பாதம் அந்தத் தூசியைக் கலைத்திருக்கவில்லை.

"ஏன்னா, எனக்கு இங்க வேண்டாம். போயிடலாம்" என்றாள் ஜானு.

இந்த இடத்தில்தான் நான் என்னை மன்னிக்கமுடியாமல் தவிக்கிறேன். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. தெரிந்தும் எழுந்திருக்கவில்லை. எழுந்தால், வந்தது தப்பு என்று ஆகிவிடும். உபைத் சொன்னது சரி என்று ஆகிவிடும். போன நேரமெல்லாம் வீண் என்று ஆகிவிடும். இவ்வளவு நேரம் இருந்தாயிற்று, இன்னும் கொஞ்சம் இருந்தால் டாக்டர் வந்துவிடுவார் என்று என் புத்தி என்னிடம் சொன்னது. அதை அவளிடம் சொன்னேன். முப்பத்தைந்து வருஷமாக நான் சொன்னதற்கு அவள் சரி என்றே சொல்லிப் பழகியவள்.

"சரி" என்றாள்.

மறுபடி ஹாரன்.

எல்லோரும் எழுந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

சாணி மெழுகிய மாதிரி ஒரு நிறம் ஜன்னலுக்கு வெளியே படர்ந்திருந்தது. தெருவில் கரண்ட் இல்லையே, இங்கே மட்டும் விளக்கு எப்படி எரிகிறது என்று அப்போது நினைத்தேன். ஜெனரேட்டர் இருக்கும் என்று எனக்கே பதில் சொல்லிக்கொண்டேன்.

ஜெனரேட்டர் சத்தம் எங்கும் இல்லை.

மழைச் சத்தம்கூட இல்லை.

அத்தனை பேர் உட்கார்ந்திருந்த அந்தக் கூடத்தில், மூச்சு வாங்குகிற சத்தம் ஒன்றே ஒன்றுதான் கேட்டது. அது ஜானுவுடையது.

மூன்றாவது தடவை ஹாரன் கேட்டபோது என் கால்கள் தாமாக நிமிர்ந்தன. அவர்களோடு நானும் எழுந்தேன். அவர்களோடு நானும் வாசலைப் பார்த்தேன். ஒரு நிம்மதி வந்தது. எதையும் தீர்மானிக்கவேண்டியதில்லை, நிற்கவேண்டியதுதான் என்கிற மாதிரி ஒரு நிம்மதி. அதைவிடப் பயங்கரமான ஒன்றை நான் அனுபவித்ததில்லை.

ஜானு எழுந்திருக்கவில்லை.

"சார். சார். யார்ட்ட பேசிக்கினு கீறீங்க?"

உபைத் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது, உள்ளங்கை கிழிந்து ரத்தம். சுற்றிலும் இருட்டு. உளுத்த ஜன்னல் சட்டங்கள், சரிந்து கிடக்கிற ஒரு பெஞ்சு, மூலையில் குவிந்த காய்ந்த இலை. மழை பெய்துகொண்டிருக்கிற சத்தம் காதில் அறைந்தது. நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். ஜானு தூசி படிந்த தரையில் சரிந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தாள்.

அவளை ஆட்டோவில் போட்டுக்கொண்டு பறந்தோம். எங்கும் மெட்ரோத் தடுப்பு, எங்கும் தண்ணீர். உபைத் எதிர்த்திசையில் புகுந்து, நடைபாதையில் ஏற்றி, வாய்க்கு வந்தபடி எல்லோரையும் திட்டிக்கொண்டே ஓட்டினான். அவன் சொன்ன மாதிரி இருபது நிமிஷம்தான் ஆயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் நான் வாயைத் திறக்குமுன்பே நான்கு பேர் அவளை ஸ்ட்ரெச்சரில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நம்பர் எதுவும் கேட்கவில்லை. "அம்மா, பேர் என்னம்மா, என்னைப் பாருங்கம்மா" என்று ஒரு பெண் அவள் கன்னத்தைத் தட்டிக் கேட்டுக்கொண்டே கூட ஓடினாள். டாக்டர் அதீபா என்று சட்டையில் எழுதியிருந்தது. என் பெண் வயதுதான் இருக்கும்.

நாற்பது நிமிஷம் கழித்து அந்தப் பெண்தான் வெளியே வந்தாள்.

வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டாள். இரண்டு நாற்பது என்றேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தரை.

"முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம், அங்கிள். இவ்ளோ நேரம் எங்க இருந்தீங்க?"

ரோடெல்லாம் அடைத்திருந்தது என்று சொன்னேன்.

உபைத் பக்கத்தில்தான் நின்றான். கிழிந்த கையில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தான். என் முகத்தைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

அனன்யாவிடமும் அதையேதான் போனில் சொன்னேன். நீ என்னப்பா பண்ணுவ, சென்னை டிராஃபிக் அப்படி, என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு விமானம் மாறி வந்து, மூன்றாம் நாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பத்தாம் நாள் உபைத் வந்தான். மாடிக்கு வராமல் கீழே நின்று என்னைக் கூப்பிட்டனுப்பினான். வண்டியைப் போட்டுவிட்டு இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தானாம். கேட்டில் சங்கிலி, துருப்பிடித்த பூட்டு. விளக்கு இல்லை, ஆள் இல்லை. நாங்கள் வேறு வண்டி பிடித்துப் போய்விட்டோம் என்று நினைத்து, தேனாம்பேட்டைக்குப் போய்த் தேடி, அங்கே காணாமல் எங்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, மனசு கேட்காமல் மறுபடி வந்தானாம். அப்போதுதான் உள்ளேயிருந்து ஜானுவின் குரல் கேட்டதாம். சுவரேறிக் குதித்து, பூட்டைக் கல்லால் உடைத்துவிட்டு எங்களிடம் வந்தானாம். டாக்டர் வேதாந்தம் அஞ்சு மாசத்துக்கு முன்னாலேயே இறந்துபோனார், ஷகீலா சிஸ்டர் அதற்கும் எத்தனையோ வருஷத்துக்கு முன்னாலேயே, என்று நான் கேட்டதற்குத் தயங்கித் தயங்கிச் சொன்னான். ஜானு என்ன சொன்னாள், எந்த வார்த்தையைக் கேட்டாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவனுக்குச் சொல்ல மனமில்லை.

"உங்களத்தான் கூப்ட்டுக்கினே இருந்தாங்க சார். நீங்க பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தீங்க."

பதிமூன்று நாள் காரியமும் முடிந்து, உறவுக்காரர்கள் கிளம்பிப் போனார்கள். வீட்டில் நானும் அனன்யாவும் குழந்தையும்தான். அன்றைக்குச் சாயங்காலம் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். பேய்க்கதையை அவள் நம்பவேண்டாம். நான் எங்கே கூட்டிக்கொண்டு போனேன் என்பதையாவது சொல்லிவிடவேண்டும். மத்தியானம் மூன்று மணி இருக்கும், நல்ல வெயில். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஹாலில் லேண்ட்லைன் அடித்தது. இன்டர்நெட்டோடு கொடுத்த இணைப்பு அது, யாரும் அதில் கூப்பிடுவதில்லை. அனன்யா குழந்தை எழுந்துவிடப்போகிறதே என்று ஓடிப்போய் எடுத்தாள்.

கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏதோ ஆஸ்பத்திரியாம்ப்பா. பேஷண்ட் தனியா இருக்காளாம், கூட இருக்க ஒரு ஆள் வரணுமாம். எந்த பேஷண்ட்னு கேட்டா அம்மா பேரைச் சொல்றா. யாருப்பா இது?"

நான் எழுந்து போய் ரிசீவரை வாங்கினேன்.

"சார்தானே?" என்றது ஷகீலா சிஸ்டரின் குரல். கரிசனமான குரல். "அவங்க தனியா இருக்காங்க, சார். ராத்திரியெல்லாம் ஆள் இல்லாம விடமாட்டோம் நாங்க. ஒருத்தர் வந்து உக்காரணும்."

ரிசீவரை வைத்துவிடவேண்டும் என்று தெரிந்தது. கை வைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் எந்தப் புருஷனும் முதலில் என்ன கேட்பானோ, அதைத்தான் நானும் கேட்டேன்.

"இப்போ எப்படி இருக்கா?"

காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது.

"வலி குறையலை, சார்" என்றார் சிஸ்டர்.